காகிக்கின் பேரன் காகிக்

இஞ்சாருங்கோ,

இங்கே ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் மழை விடவில்லை. பிரஷர் மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

யதுசா வீட்டில்தான் நிற்கிறேன். அவள் கலியாணத்துக்கு நிற்காமல் நீங்கள் கோபித்துக்கொண்டு யாழ்ப்பாணம் போனபின், மருமகனைப் பற்றி நான் எழுதியதே இல்லை. அந்த ஆர்மேனியன் என்பீர்கள். எனக்கு மருமகன்.

தங்கள் பழைய அரச வம்சத்தைப் படமாகச் சுவரில் மாட்டியிருக்கிறான். அசோட்டின் பேரன் அசோட். காகிக்கின் பேரன் காகிக். யதுசா அதைக் காட்டிச் சிரித்தாள்.

"அம்மா, இவையின்ரை ராசாக்கள் பேரனுக்குப் பாட்டன்ரை பேரைத்தான் வைச்சவையாம். எங்களுக்குப் பெடியன் பிறந்தால் எங்கட அப்பான்ரை பேர்தான் எண்டு இவர் சொல்லுறார். அப்பவாவது அப்பா வருவாராம்."

தன் தகப்பன் பெயரை அவன் உங்களுக்காக விட்டுக்கொடுத்தான். உங்களிடம் சொல்லலாமென்றால் நீங்கள் போன் எடுக்கவில்லை.

பெடியன்தான். உங்கள் நெற்றி. நான் கொண்டுபோன சட்டை பெரிதாக இருந்தது, கைகளை மடித்துவிட்டேன். அவன் அழவில்லை. யதுசாவும் அழவில்லை.

நேற்றுச் சவக்காலையில் அவனுக்குக் கல் நட்டார்கள். சின்னக் கல். ஜெர்மன் எழுத்தில் வேண்டாம், மாமாவின் பெயர் தமிழிலேயே இருக்கட்டும் என்று மருமகன் சொல்லிவிட்டான். வெட்டியது சரியா என்று என்னைப் பார்க்கச் சொன்னான்.

பார்த்தேன். உங்கள் பெயர் பிழையில்லாமல் இருக்கிறது.

உங்கள் மனுசி