எட்டுக் கடிகாரங்களோடு ஒரு குளியல்

அன்புள்ள வாலுப்பெண்ணுக்கு,

அம்மாவின் ஆசிகள். உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தானே முடியும். இரண்டு நாளாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கம்பெனி விசேஷங்களுக்குக் கட்டும் மெல்லிய தங்கக் கடிகாரம் மட்டும்தான் செய்யும் என்பது உனக்குத் தெரியும். இப்போது அதை வாங்க ஆள் குறைந்து, மூடி பொருத்தும் எங்கள் அறையில் ஆறு மேசையில் மூன்று காலி. அடுத்தது என்னுடையது. அதனால் ஓடவும் நீந்தவும் கட்டும் விளையாட்டுக் கடிகாரமும் செய்யலாமா என்று முதலாளியம்மா யோசித்து, மாதிரிக்கு எட்டு செய்யச் சொல்லி, எங்களில் எட்டுப் பேரை ஒரு மாதம் கட்டிப் பார்க்கச் சொன்னார். உன் அப்பா கேட்டுவிட்டு, கல்யாணக் கோட்டைப் போட்டுக்கிட்டு கால்பந்து ஆடப் போறீங்களா என்று சிரித்தார். அன்று அவருக்குக் காப்பி ஆறித்தான் கிடைத்தது. மாதம் முடிந்தபோது எட்டிலும் ஒரு கீறல் இல்லை, ஒரு துளி ஈரம் இல்லை. அதை வரைந்த டிசைனருக்குத் தலைகால் புரியவில்லை, முடிவெடுக்கும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நூற்றுக்கு நூறு என்று சொல்லப்போவதாகக் குதித்தார். என்னுடையதை ஒப்படைக்கும் முன் கை கழுவப் போனேன், வழக்கம்போலக் கழற்றிப் பையில் போட்டேன். பக்கத்துக் குழாயில் மெருகு போடுகிறவரும் தன் மாதிரியைக் கழற்றுகிறார். எனக்குச் சுருக்கென்றது. தண்ணீரைக் கண்டால் கடிகாரத்தைக் கழற்று என்று முதல் நாளே சொல்லித்தரும் இடமாயிற்றே, இருபது வருஷப் பழக்கம் விடுமா? எல்லோரையும் விசாரித்தேன். ஓடப் போனவர் வியர்க்கும் என்று கழற்றியிருக்கிறார், நீந்தப் போனவர் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்! ஒன்றுகூட நனையவே இல்லையடி.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மேசை பிழைக்கும். மனசு கேட்கவில்லை, முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். டிசைனர் முகம் சுண்டிப்போயிற்று. அப்ப யாராவது நனைச்சுப் பாருங்க என்றார் முதலாளியம்மா. அந்த யாராவது நான்தான். வியாழன் காலை, கைக்கு நாலாக எட்டையும் கட்டிக்கொண்டு பொது நீச்சல் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்றேன். குளத்துப் பிள்ளைகள் மணி கேட்டே என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். ஏழு ஜம்மென்று ஓடின. ஒன்றில் கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது. யார் மூடி பொருத்தியது என்று பார்த்தால், சாட்சாத் உன் அம்மா! கூட்டத்தில் அதையும் மறைக்கவில்லை. முதலாளியம்மா எல்லோர் முன்னாலும், நீங்களே சொல்லுங்க, செய்யலாமா வேண்டாமா என்று கேட்டார். தாராளமா செய்யலாம், ஆனா இனிமே நனையாம ஒண்ணும் வெளியே போகக்கூடாது என்றேன். முடிவாகிவிட்டது! மூன்று காலி மேசைக்கும் திங்கட்கிழமை ஆள் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீர் என்றாலே நடுங்கும் எனக்கு அன்று குளத்தில் பயமே வரவில்லை. உன் பள்ளிக்கூடத்தில் நீச்சலுக்குச் சேர்க்கச் சொன்னபோதெல்லாம் வேண்டாம் என்று, ஆறு வருஷம் உன்னைக் கரையிலேயே உட்கார வைத்தவள் நான். பத்திரமாக வளர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். தப்புதான் கண்ணே. நீ எல்லா நலமும் பெற்று நிறைவாக இரு. விடுமுறைக்கு வரும்போது நீச்சலுடை கொண்டுவர மறக்காதே, ஆரம்ப வகுப்பில் நம் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
தலை துவட்டிக்கொண்டே எழுதும்
உன் அம்மா