கோயில் பெட்டிக்குள் ஏழுமலை போன்

ஐப்பசி 18, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். நெத்திலி காயவில்லை, உள்ளே எடுத்தாச்சு.

ஊர்க்கூட்டம். கம்பெனிக்காரன் போனில் போட்டு விற்ற கடல் ஆப்பில், காற்றும் மீனும் காட்டுமே, அதில் சர்க்காருக்கு ஒரு பின்வாசல் இருக்கிறதாம். எங்கே வலை விடுகிறோம், யாரிடம் என்ன பேசுகிறோம், எல்லாம் அதன் வழியாகப் போகிறதாம். தலைவர் கேட்டார், "மறியலுக்குப் போறது நம்ம போனுக்குள்ள மட்டும்தான பேசனோம். போலீசு முன்னாடியே வந்து நின்னுச்சே, எப்டி?"

முடிவு: கடலுக்குப் போகிறவர்கள் போனைக் கோயில் இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகணும். மீறினால் ஏரியில் இறால் பாட்டுக்கு, அதான் வலை விடும் முறைக்கு, சீட்டுக் குலுக்கும்போது பெயர் கிடையாது.

மருமகள் தேவி மட்டும் எழுந்தாள். "காத்து அடிச்சா இன்னா பண்றது?"

"உன் மாமனார் இன்னா போனு வச்சிக்கினா கடலுக்குப் போனாரு?" என்று பின்னாலிருந்து ஒருத்தன்.

சிரிப்பு. என் வீட்டுக்காரர் திரும்பி வரவே இல்லை, அதற்குச் சிரிப்பு. யார் யார் சிரித்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறது.

ஐப்பசி 19, புதன்

வாடைக்காற்று, லேசாக. தீப்பெட்டி, உப்பு வாங்கணும்.

ஏழுமலை போனைப் பெட்டியில் போட்டான். "நம்ம குழம்புல உப்பு கம்மினு கூட டெல்லிக்குத் தெரிய வேணாம்மா." பிள்ளைக்கு எப்போதும் கிண்டல். கூட பக்கத்து வீட்டு சேகர்.

மதியம் வாடை வலுத்துவிட்டது. மற்ற படகுகள் வந்தாச்சு. இவன் படகு மட்டும் இல்லை.

ஐப்பசி 20, வியாழன்

வரவில்லை. தேடப் போன படகுகள் முகத்துவாரத்தைத் தாண்ட முடியாமல் திரும்பின. அலை அப்படி. ஹெலிகாப்டர் வந்தால்தான் உண்டு.

மீன்துறை ஆபீசுக்கு நானும் தேவியும் போய்க் கேட்டோம். அங்கே இருந்தவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "கரையிலதாம்மா இருக்காரு உங்க பிள்ள. கோயிலாண்ட காட்டுது."

"அது போனு சார். ஆளு இல்ல" என்றாள் தேவி. "ஆமா, அவர் எங்க இருக்காருனு உங்களுக்கு எப்டி சார் தெரியுது?"

திரையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். கரையில் இருக்கிற ஆளைக் கடலில் தேடச் சொல்லி மேலே எழுத முடியாதாம்.

என் வீட்டுக்காரர் காணாமல் போன வருஷமும் இதே ஆபீஸ். கடலுக்குப் போகுமுன் இங்கே டோக்கன் வாங்காதவர் கடலுக்கே போகவில்லை என்றான் ஒருத்தன். மூக்கில் மரு. அவனையும் மறக்கவில்லை, இவனையும் மறக்கமாட்டேன்.

ஐப்பசி 21, வெள்ளி

மழை. வரவில்லை. சேகரின் அம்மா கரையிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

தலைவரிடம் பெட்டிச் சாவி கேட்டேன். கொடுத்துவிட்டார்.

ஏழுமலை போனைக் கையில் எடுத்தேன். யாருக்கும் போடவில்லை. பின்வாசல் இருக்கிறது என்றுதானே அத்தனை பேரும் சொன்னார்கள், இருந்தால் கேட்கட்டும் என்று பேசினேன்.

"யாருப்பா கேக்கறது? என் பிள்ள கோயில்ல இல்ல. கடல்ல கீறான், கூட இன்னொரு பிள்ள. கலங்கரை விளக்கும் எங்க கோயிலும் ஒண்ணு பின்னால ஒண்ணு மறையும் பாரு, அந்த நேர்லயே வெளியே போ. தண்ணி கறுக்கற இடத்துல அடியில பாறை இருக்குது. அங்கதான் வலை வுடுவான். வாட வலுத்ததால அங்கேர்ந்து தெக்கால தள்ளியிருக்கும்."

என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த பாறை. வெளியாளுக்கு யாரும் சொன்னதில்லை. அதை மறைக்கத்தான் பெட்டியே. தலைவர் பக்கத்தில்தான் நின்றார், தடுக்கவில்லை.

"கேக்குதா?"

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.