பாலத்துக்குப் பதிலாக எடுத்த பாடம்

12.02.2007

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதாவின் காவலில் நான் சுகம். உங்கள் கால்வீக்கம் வற்றிவிட்டதா?

கம்பஸில் கணக்கில் நான்தான் முதலாவது. எந்தத் துறையும் எடுக்கலாம் என்றார்கள். பாலம் கட்டும் படிப்பை விட்டுவிட்டு, கம்பியூட்டர் என்று எழுதிக் கொடுத்தேன்.

பயப்படாதீர்கள். வகுப்புக்காகத் தெருவை அளந்தபோது, அடையாள அட்டையில் நெடுந்தீவு என்று கண்டு, வடக்குப் பெடியன் என்று சந்தேகப்பட்டு பொலிஸ் கூட்டிப்போனது. தேத்தண்ணி தந்து பின்னேரமே விட்டார்கள். இனி வெளியில் நின்று அளக்க என்னால் ஏலாது.

தங்கச்சி ஜொய்சி கடல் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வள்ளத்திலேயே கண்மூடிய அன்று, "அண்ணை பாலம் கட்டுவன்" என்று அவளின் கையைப் பிடித்துச் சொன்னனான்.

இனி மறித்தால் பொலிசுக்குக் காட்ட, நான் உங்கள் மகன்தான் என்று ஊர் அலுவலர் விதானையாரிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கள். கொஞ்சம் பனங்கட்டியும்.

தபாற்கந்தோர் பூட்டப் போகிறார்கள். தங்கச்சியின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தும்போது, நான் எடுத்த பாடத்தை மட்டும் அவளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

மகன்
மிரோஜன்