நங்கூரத்துக்குக் காவல் இருந்தது நான்தான், மதினி

மதினி,

போன சனிக்கிழமை எல்ல ஸ்டேஷனிலிருந்து ஹாலிஎலவில் என் வீட்டுக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தேன். மடியில் என் பாப்பா, பக்கத்தில் உங்கள் மகள் தர்ஷினி. எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண் பைக்குள்ளிருந்து மஞ்சள் குழாய் ஒன்றை எடுத்து, வெயிலுக்குப் பூசும் களிம்பைக் கையிலும் கழுத்திலும் தேய்த்துக்கொண்டாள். தேங்காயும் ரப்பரும் கலந்த மாதிரியான அந்த வாசம் வந்ததும் என் நாக்கு உப்புக் கரித்தது. ஜன்னலுக்கு வெளியே தேயிலை ஓடிக்கொண்டிருந்தது. எனக்கோ காலுக்குக் கீழே படகு ஆடியது.

தர்ஷினியும் மூக்கை உறிஞ்சினாள்.

"அத்தை, இதே வாசந்தான அம்மா கொண்டாந்த பெட்டியில இருந்துச்சு?"

ஆமாம் என்றேன். அன்று நாங்கள் எல்லயில் ஒரு ஹோட்டலில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்து, விண்ணப்பப் படிவம் வாங்கிக்கொண்டு வந்திருந்தோம். அவள் அதை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

"அப்பா கையெழுத்து வைக்க மாட்டாரு அத்தை. 'ஒங்கம்மா மாதிரி தூங்கி வழிஞ்சு பேரக் கெடுத்துக்கிட்டு வரவா'ங்கிறாரு." படிவத்தை இன்னும் ஒரு மடிப்பு மடித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் அந்தப் பயந்தான். அம்மா புள்ளதான நானு. எனக்கும் தூக்கம் ஜாஸ்தி."

நான் பாப்பாவின் தொப்பியைச் சரிசெய்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

நீங்கள் போய்ப் பத்து மாதமாகிறது. உங்களுக்குக் காது இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை, நேரம் தப்பிப்போன பிறகு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

படகு என்றால் நம் ஆட்கள் துடுப்புப் போடுவதை நினைக்கிறார்கள். அது இரண்டு எஞ்சின் பூட்டி, கீழே மூன்று அறையும் ஒரு சமையலறையும் வைத்த மோட்டார் படகு. கிரேக்க நாட்டில் அந்த வீட்டில் நீங்கள் நான்கு வருடம் வேலை செய்திருந்தீர்கள். கோடை வந்தால் சாரும் மேடமும் குழந்தையும் தீவு தீவாகப் போவார்கள். ஒரு குடாவில் நங்கூரம் போட்டு, நீந்தி, தின்று, உறங்கி, மறுநாள் அடுத்த தீவு. அவர்களோடு நீங்களும். எனக்கு டிப்ளோமா முடிந்து பதுளையில் வேலை அகப்படாமல் இருந்த வருடம், கூட ஒரு கை வேண்டுமென்று மேடத்திடம் பேசி என்னையும் அழைத்துக்கொண்டீர்கள்.

உங்களைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்படியில் நிற்கும் அண்ணன் மனைவியாகத்தான் எனக்குத் தெரியும். அரைக்கால்சட்டையும் தொப்பியுமாகப் படகின் முன்தளத்தில் நின்று, சாருக்குக் கையால் சைகை காட்டி அவரையே நீங்கள் ஓட்டுவதைப் பார்த்து வாயைப் பிளந்தேன்.

"ஏ காலேஜ், பராக்குப் பாக்காம தண்ணியப் பாரு. கருப்பா தெரியுதுல்ல, அது புல்லு. அங்க போட்டா வழுக்கிக்கிட்டே வரும். வெள்ளையா இருக்கிறது மணலு. அங்கதான் நங்கூரத்துப் பல்லு எறங்கும்."

"இதெல்லாம் எங்க மதினி படிச்சீங்க?"

"கொழுந்துல எது எளசு எது முத்தல்னு பாத்துப் பாத்துக் கிள்ளுன கண்ணு புள்ள. தண்ணிக்குன்னு வேற கண்ணா வாங்கப் போறேன்?"

சங்கிலியை இறக்கும் மோட்டாரின் பொத்தானை அழுத்துமுன் ரோதமுனியைக் கூப்பிடுவீர்கள். தேயிலை ஃபெக்டரியின் சக்கரங்களைக் காக்கிற நம் சாமிக்கு வெள்ளைக்காரன் படகில் என்ன வேலை என்று நான் சிரித்தேன். "சக்கரம் சுத்துற எடமெல்லாம் அவரு எடந்தான். ஒனக்குத்தான் விசா வேணும், அவருக்கு வேணாம்" என்றீர்கள். தண்ணீர் எவ்வளவு ஆழமோ அதைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும். பிறகு சார் எஞ்சினைப் பின்னுக்குக் கொடுத்து மெல்ல இழுப்பார். நீங்கள் வெறுங்காலைச் சங்கிலிமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவீர்கள். சங்கிலி நடுங்கினால் நங்கூரம் தரையில் உழுதுகொண்டு வருகிறது. விறைத்து அசையாமல் நின்றால் பிடித்துவிட்டது. என் காலையும் வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு தடவை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன்.

அந்த நாளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் என் வாயால் ஒரு தடவை வர வேண்டும்.

சாரும் மேடமும் மதியச் சாப்பாட்டுக்குச் சின்னப் படகில் கரைக்குப் போய்விட்டார்கள். குழந்தை கீழறையில் தூங்கியது. மூன்று வயதுப் பெண்பிள்ளை. படகு நகர்ந்தால் கத்துகிற மணி ஒன்று இருந்தது. பிள்ளை விழித்துவிடும் என்று மேடமே அதை நிறுத்தச் சொல்லியிருந்தார். காவல் உங்களுடையது. நீங்கள் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து ரொட்டி சுட்டவர்.

"அர மணி நேரம் கண்ண மூடிக்கிறேன். அந்தா, வெள்ளக் கோயில் மணிக்கூண்டு. அதுக்குப் பின்னால இறக்க இல்லாத காத்தாடி மில்லு. ரெண்டும் ஒரே நேரா தெரியணும். படகு ஆடுறப்ப கொஞ்சம் வெலகும், திரும்பி வந்துரும். வெலகிக்கிட்டே போச்சுன்னா என்னைய எழுப்பு. காத்து வந்தாலும் எழுப்பு."

"சரி மதினி, நீங்க தூங்குங்க."

நம் மலையில் காற்று தனியாக வருவதில்லை. முதலில் நமுனுகுல மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வரும், பிறகு மூட்டம் இறங்கும், அதற்குப் பிறகுதான் காற்று. நான் வானத்தைப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த பீங்கான்போல இருந்தது. இதிலிருந்து என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அங்கே கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்தெமி என்ற காற்று வெட்ட வெளிச்சத்தில், ஒரு துண்டு மேகம்கூட இல்லாமல் வரும். அதைச் சார் முதல் வாரமே சொல்லி, நீங்கள் எனக்குத் தமிழிலும் சொல்லியிருந்தீர்கள். அட்டைக் கடி எப்படியிருக்கும் என்று நாம் சொன்னால் கொழும்புக்காரர்கள் கேட்டுக்கொள்வார்களே, அப்படித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

முன்தளத்தில்தான் ஃபோனுக்கு சிக்னல் வரும். கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இன்று என் பிள்ளைக்குத் தகப்பனாக இருப்பவருக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாத காலம். காற்று வந்தது. "முடி பறக்குது, அழகா இருக்கு" என்றார் அவர். நான் முடியை ஒதுக்காமல் அப்படியே விட்டேன். சங்கிலி என் காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, மதினி. அது நடுங்கியது. கடல் என்றால் நடுங்கத்தான் செய்யும் என்று காலை மடக்கி வைத்துக்கொண்டேன்.

படகின் பின்பக்கம் பாறையில் ஏறிய சத்தம் தகரத்தை அம்மியில் வைத்து இழுத்தது போல இருந்தது. குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து உதடு கிழிந்து அலறியது. நீங்கள் அதை ஒரு கையில் அள்ளிக்கொண்டு மேலே ஓடிவந்தீர்கள். உங்கள் சட்டையெல்லாம் அதன் இரத்தம். பக்கத்துப் படகுக்காரர்கள் கயிறு போட்டு இழுத்து எங்களை மீட்டார்கள். சார் கரையிலிருந்து வந்து ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, காவலில் இருந்தது யார் என்பது.

"மீ, சார். ஐ ஸ்லீப்."

என் கையில் ஃபோன் இன்னும் சூடாக இருந்தது. நீங்கள் முகத்தைத் திருப்பாமலே தமிழில் சொன்னீர்கள்: "வாயத் தொறக்காத. ஒம் பேரு வந்தா ஃபோன்ல யாருங்கிறதும் வரும்."

பயந்துபோய்ப் பேசாமல் இருந்தேன் என்று இவ்வளவு நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். நீங்கள் சொன்ன அந்த விநாடியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

அன்று சாயந்திரம் பாத்திரம் கழுவும்போது, ஏன் மதினி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"தோட்டத்துல காலப் பெரட்டுல நிக்கிறப்ப இதுதான வழக்கம். ஒருத்தி புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வர நேரமாகும். கங்காணி பேரக் கூப்புடறப்ப பக்கத்துல நிக்கிறவ 'இந்தா வந்துக்கிட்டிருக்கா'ன்னு சொல்லுவா. மறுநாளு அவ இவளுக்குச் சொல்லுவா. நீ பெரட்டுல நின்னிருந்தா தெரியும். காலேஜுல எங்க சொல்லித் தர்றாங்க!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். தர்ஷினி படித்து முடிக்கும்வரை இருப்பதற்காக, இன்னும் இரண்டு வருடத்துக்கு விசாத் தாள் போட்டுத் தருவதாக மேடம் வாக்குக் கொடுத்திருந்தார். அது போயிற்று. மூன்றாம் நாள் உங்களைப் பெட்டியோடு ஒரு தீவில் இறக்கி, கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

நான் இருந்தேன். மிச்சமிருந்த ஐந்து வாரமும் உங்கள் இடத்தில் நின்றேன். சங்கிலிமேல் காலை வைத்தேன், கண்ணை மூடினேன், ஒரு நாள்கூட நங்கூரம் வழுக்கவில்லை. "முந்தியவளைவிட நீ கவனம்" என்று சார் ஒரு தடவை சொன்னார். நான் அவருக்கு நன்றி சொன்னேன், மதினி.

நான் பூனாகலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது லயத்து வீடுகளில் உங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள், 'கப்பல இடிச்சவ' என்று. அண்ணன் அதோடு நிற்கவில்லை. சோறு பொங்கி அடுப்பில் வழிந்தால், "என்னா, இங்கயும் தூங்கிட்டியா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். நான் தலையைக் குனிந்து உங்கள் கைச்சோற்றைத் தின்றுகொண்டிருப்பேன். என் கல்யாணத்தில் எனக்குத் தலை பின்னிப் பூ வைத்தது நீங்கள். மாப்பிள்ளையைப் பார்த்து, "ஃபோன்ல நல்லா பேசுவாராமே" என்று என் காதில் மட்டும் சொன்னீர்கள். அதற்கு மேல் ஒரு நாளும் ஒரு வார்த்தை இல்லை.

பிறகு உங்களுக்கு உடம்பு முடியாமல் போனது. பட்டப்பகலில் போய்ப் படுத்தீர்கள். அசதியாக இருக்கிறது என்றீர்கள். தூங்குமூஞ்சிக்கு என்ன புதுசாக அசதி என்று வீடே கேலி பேசியது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் பல மாதம் ஓடிவிட்டது. அன்றே நான் வாயைத் திறந்திருந்தால் அந்த அசதியை யாராவது அசதியாகப் பார்த்திருப்பார்களோ என்னவோ. எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை வைத்துக்கொண்டு தப்பிக்கவும் முடியவில்லை.

வார்டில் ஒரு நாள் "மதினி, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். "அந்தக் கடலு என்னா நெறம்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். என்னைக் காப்பாற்றினீர்களா, அலுத்துப்போனீர்களா என்று இன்றுவரை விளங்கவில்லை.

பாப்பா பிறந்ததிலிருந்து நான் ஒழுங்காகத் தூங்குவதில்லை. அவள் மூக்கின்கீழ் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அடுப்பைத் திருகிவிட்டு வந்து மறுபடி போய்த் திருகுவேன். "இவள மாதிரி கவனமான தாய நான் பாத்ததே இல்ல" என்கிறார் பாப்பாவின் அப்பா. அன்று அந்த அழைப்பு சிக்னல் இல்லாமல் அறுந்ததாகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வரை அவர் நினைத்துக்கொண்டிருந்தார். காலையில் அவரிடம் முதலில் சொன்னேன். பிறகு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பூனாகலைக்கு பஸ் ஏறினேன்.

அண்ணன் வாசலில் உட்கார்ந்து போஞ்சிக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். தர்ஷினி உள்ளே இருந்தாள்.

"அண்ணே, அந்தப் படகுல அன்னைக்குப் பாத்துக்கச் சொன்னது என்னையத்தான். மதினி என்னைய நம்பித்தான் படுத்தாங்க."

"நீ எங்க இருந்த?"

"ஃபோன்ல."

"யாரோட?"

"இவ அப்பாவோடதான்."

போஞ்சி கையிலேயே நின்றது. "எங்கிட்டக்கூட சொல்லலியே அவ."

"நான் சொல்லுவேன்னு இருந்திருப்பாங்கண்ணே."

"எத்தன தடவ..." என்றார். "சோறு பொங்குனாக்கூட..." எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

தர்ஷினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை.

"அம்மா முடியாம படுத்திருந்தப்ப அப்பா கேலி பண்ணுனாரே, அன்னைக்கு நீங்களும் இங்கதான அத்தை இருந்தீங்க?"

"இருந்தேம்மா."

உள்ளே போனாள். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் எனக்கு எப்போதும் தம்ளரில்தான் தேத்தண்ணி, நக்கிக்கொண்டு குடிக்க உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. அன்று அலமாரியிலிருந்து பூப்போட்ட கோப்பையை எடுத்து, சாஸர் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். தோட்டத்து ஆபீஸ் ஐயாமார் வந்தால் எடுக்கும் கோப்பை.

"குடிங்க அத்தை" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான் சிந்தாமல் குடித்தேன்.

அப்பா படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டார் என்று நேற்று ஒரு வரி அனுப்பியிருந்தாள். பாப்பா எப்படியிருக்கிறாள் என்று எப்போதும் கேட்பவள், நேற்றுக் கேட்கவில்லை. அது உங்கள் வீடு, மதினி. வருகிற ஞாயிறும் போவேன், அதற்கடுத்த ஞாயிறும் போவேன். கோப்பையில் கொடுத்தால் கோப்பையில் குடித்துவிட்டு வருவேன்.