ஆஸ்பத்திரி மெஷின் சரியாகத்தான் இருந்தது

என் கோபத்தையெல்லாம் சிரித்தே சமாளித்த அம்மாவுக்கு,

நீங்கள் போய் பதினான்கு மாதம். எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்தேன். களைப்பாக இருந்தது, எழுந்துவிட்டேன். இன்றைக்கும் களைப்புதான். ஆனால் இதைச் சொல்லியாக வேண்டும்: நான் தப்புப் பண்ணிவிட்டேன்.

மாதாமாதம் கிளினிக்கில் உங்கள் பிரஷர் நூற்றெழுபதைத் தாண்டும். வீட்டில் நான் பார்த்தால் நூற்று முப்பது. பிரஷர் மெஷின் பழுதுபார்ப்பதே என் தொழில், எனக்குத் தெரியாததா?

"ஆஸ்பத்திரி மெஷின் பழசும்மா, கூட்டிக் காட்டுது" என்றேன்.

"அந்த மெஷினுக்கும் தோட்டத்து ஆளுகளப் புடிக்கலையோ என்னமோ" என்று சிரித்தீர்கள்.

மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு மாதத்தில், தோட்டத்து ரப்பர் மலையில், பால் வாளி கையில் இருக்கும்போதே விழுந்தீர்கள்; பிறகு எழவேயில்லை.

பிறகு அதே கிளினிக்குக்கு என்னை வேலைக்கு அனுப்பினார்கள். அந்த மெஷினை எங்கள் அளவுக்கருவியோடு பொருத்தி மூன்று தடவை பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. சாமான்களைப் பையில் போடக் கை வரவில்லை.

அப்போதுதான் வரிசையைப் பார்த்தேன். நம்பர் கொடுக்கிற ஆள் ஒரு பெண்ணைப் பார்த்து, "வத்தே கட்டிய பஸ்ஸட யன்ன" என்று சிங்களத்தில் கத்தினான். தோட்டத்து ஆட்கள் பின்னால் போங்கள் என்று அர்த்தம். அவள் கையில் பதினோராம் நம்பர். ஆனாலும் கடைசிக்குப் போனாள். நீங்களும் இப்படித்தான் போனீர்களா?

கிளினிக் நாளில் பஸ் ஏறுமுன், தமிழ் ஆள் என்று தெரியாதிருக்க, முந்தானையால் பொட்டைத் துடைப்பீர்கள். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! திரும்பி வந்து, முகம் கழுவி, பொட்டு வைத்து, தேத்தண்ணி குடித்த பிறகுதான் நான் உங்கள் கையில் மெஷின் பட்டையைச் சுற்றுவேன். இடையில் என்ன நடந்தது என்று ஒருநாளாவது கேட்டேனா?

அந்தக் கிளினிக் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்; மாவனல்லைப் பக்கத்து முஸ்லிம் பெண். மறைக்காமல் சொன்னார். "மாத்திரையக் கொறச்சது பிழை தம்பி. ஒரே காரணம் எண்டு ஒண்டையும் சொல்ல ஏலாது. ஆனா நித்தம் ஏச்சு வாங்குற ஒடம்பு ஓய்வா இரிக்காது. பிரஷர் ஏறும், தூக்கம் கெடும். வருஷக்கணக்கா அப்பிடிப் போனா நெஞ்சுதானே தாங்கணும்."

தங்கச்சி இப்போது யட்டியாந்தோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். இருபத்தாறு வயதில் அவளுக்கும் பிரஷர். டாக்டர் சொன்னபடி, நாள் முழுக்கக் கையில் கட்டியிருக்கும் மெஷின் ஒன்றைப் போன வாரம் போட்டோம். காலை பத்தரைக்கு ஒரே ஏற்றம்.

"பத்தரைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே."

"மெஷின் சும்மா காட்டாது. பத்தரைக்கு என்ன?"

"போலீஸ்காரன் மாதிரிக் கேக்காத. ஒன்னாலயே ஏறுது எனக்கு."

மெஷினை ஓரமாக வைத்தேன். பிறகு அவளே சொன்னாள். கடைக்கு வந்த ஒரு சிங்கள அம்மாவுக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாளாம். கூட வேலை பார்ப்பவளிடம் இவள் தமிழில் பேசியதைக் கேட்டதும், அந்த அம்மா கடையில் நிற்கும் வேறு பிள்ளையை வரச் சொன்னாராம். முதலாளி இவளைத் துணி மடிக்கப் பின்னறைக்கு அனுப்பினாராம்.

"தினமுமா இப்படி?"

"தினமும் இல்ல. எப்ப வரும்னு தெரியாதுல்ல. அதான்."

"விட்டுத்தள்ளு" என்று வாய்வரை வந்தது. உங்களிடம் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தை. விழுங்கினேன்.

அம்மா, மாத்திரை விஷயத்தில் இனி நான் தலையிடமாட்டேன். கிளினிக் நாளில் அவளோடு வரிசையில் நிற்பேன். யார் பின்னால் போகச் சொன்னாலும், அவள் நம்பர் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டோம். வேலை விட்டு வந்ததும் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பேன். அவசரப்படுத்தமாட்டேன். அவள் சொல்லி முடித்த பிறகுதான் மெஷினை எடுப்பேன்.

இப்போதுதான் கேட்கப் பழகும்,
உங்கள் மூத்தவன்