மேலாளரைக் கடித்த நாய்

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? தைலம் தேய்க்கச் சோம்பல்படாதே. நான் நலம். எனக்குப் படிப்பே போதுமென்று நிலத்தைத் தன் பேரில் எழுதிக்கொண்ட என் அண்ணனும் நலமாகத்தான் இருப்பார். அவரை விசாரித்ததாகச் சொல்லவேண்டாம்.

போன வாரம் கிடங்கின் காவல் நாய் மேலாளரைக் கடித்துவிட்டது. பதறாதே, நான் தள்ளித்தான் நின்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாயை உதைத்தால் வேறென்ன செய்யும்?

"அடிச்சுப் போடுங்க. கம்பெனி நாய்தானே, கம்பெனி நாற்காலி மாதிரி" என்றார் மேலாளர்.

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "நாற்காலிய உடைச்சா கேஸ் இல்ல சார். நாயைக் கொன்னா இருக்கு. ஜெயில்கூட உண்டு."

"யோவ் வாட்ச்மேன், நீ என்ன வக்கீலா?"

"படிச்சது அதுதான் சார்."

கடிபட்ட காலைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "அப்ப உன் ரூம்லயே கட்டிக்க. இன்னொரு தடவ கடிச்சா ரெண்டு பேரும் வெளிய."

நான் வாதாடி ஜெயித்த முதல் வழக்கு இது. கட்சிக்காரர் இப்போது என் கட்டிலுக்கடியில் குறட்டை விடுகிறார். வெறிநோய் ஊசி போட்டாயிற்று; உதைக்காதவரை யாரையும் கடிக்கமாட்டார். வேலைக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு உதவி. சிமென்ட் தரை சில்லென்று இருக்கிறது. நாய்க்கு விரிக்க உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்கவேண்டாம், கட்டியிருந்ததை அப்படியே மடித்து அனுப்பு. நாய்க்கு அதெல்லாம் தெரியவா போகிறது?

ஷிஃப்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன்
வீட்டுக்காரன்