ரெக்கார்டு கழுவிய ஞாயிற்றுக்கிழமை

திங்கட்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமனார் எழுதுவது. நீயும் குழந்தையும் உன் அம்மா வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுத வந்தேன், பேனா நின்றுவிட்டது. இருக்கிறோம்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை அம்மா. எடுத்தாலும் எனக்குப் போனில் பேச வராது. "சாப்டியா, சரி வெக்கட்டுமா" என்று முடித்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

குழந்தையின் கை எப்படி இருக்கிறது? கட்டைப் பிரித்துவிட்டார்களா? புதுத்தோல் வரும்போது அரிக்கும். சொறிய விடாதே. டாக்டர் கொடுத்த களிம்பை மட்டும் போடு, அக்கம்பக்கத்தில் சொல்வதையெல்லாம் போடாதே.

அந்த அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. எரிந்தது ஜன்னல் திரையும், மேசையின் ஓரமும், பதினோரு பழைய பாட்டு ரெக்கார்டு அட்டைகளும்தான். ரெக்கார்டு கழுவும் மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பார்த்தால் எனக்கே ஆத்திரம் வருகிறது. உன் புருஷன் அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடி வைத்திருக்கிறான்.

அவன் கெட்டவன் இல்லை, கொஞ்சம் மறதிக்காரன். ரெக்கார்டு என்று உட்கார்ந்துவிட்டால் வீடே இடிந்து விழுந்தாலும் தெரியாது. மெஷின் தொட்டித் தண்ணீரில் ஸ்பிரிட் கலந்திருக்கும்போது அதன் ஹீட்டரைப் போடக்கூடாது என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கல்லூரி கெமிஸ்ட்ரி லேபில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். என் காலத்தில் ஒரு மாணவனுக்கு விரல் நுனி சுட்டதில்லை. என் வீட்டிலேயே இப்படி நடந்துவிட்டது.

போகட்டும். அவன் செய்த பிழைக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோபம் ஆறியதும் ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் மாமா

---

புதன்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

போன வாரம் நான் எழுதியதற்கு உன் பதில் வந்தது. கவனமில்லாத மனுஷனை நம்பிக் குழந்தையை ஒரு அறையில் விட முடியாது என்று எழுதியிருக்கிறாய். ஒரு தாய் அப்படித்தான் எழுதுவாள். அதை மறுத்துப் பேச எனக்கு வாய் இல்லை.

ஆனாலும் அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். காலையில் வேலைக்குக் கிளம்பி பஸ் ஸ்டாப் வரைக்கும் போகிறான். திரும்பி வருகிறான். கதவுப் பூட்டை இழுத்துப் பார்க்கிறான். மறுபடி போகிறான். நேற்று மூன்று தடவை வந்தான். மூன்றாவது தடவை உள்ளே வந்து கேஸ் அடுப்பின் திருகைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனான். நான் வீட்டில்தான் இருக்கிறேன், அவன் பூட்டிவிட்டுப் போகவேண்டிய அவசியமே இல்லை. சொன்னால், "இல்லப்பா, பாத்துட்டா நிம்மதி" என்கிறான்.

ஆபீஸில் மற்றவர்கள் போட்ட வரைபடங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை அவனுடையது, உனக்குத் தெரியும். அந்தப் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். ஏன்டா என்று கேட்டதற்கு, "என் கண்ணையே நான் நம்பலப்பா, என் கையெழுத்த யாரு நம்பறது" என்றான்.

முந்தாநாள் சாயங்காலம் போர்வையை எடுத்துவிட்டு மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். ஹீட்டர் திருகை வலது கையால் திருப்புகிறான், பிறகு இடது கையால். என்னைப் பார்த்ததும், "எந்தக் கையால போட்டேன்னு ஞாபகமே வரமாட்டேங்குதுப்பா. போட்டிருக்கேன், ஆனா போட்டது ஞாபகம் இல்ல. அது எப்படி?" என்று கேட்டான். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

ரெக்கார்டு சேர்க்கும் நண்பர் ஒருவர் மெஷினை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ரெக்கார்டுகளையும் சேர்த்துக் கொடுத்துவிடப் போகிறானாம். இருநூற்றுச் சொச்சம் ரெக்கார்டு. ஒவ்வொன்றையும் நடு லேபிள் நனையாமல் ரப்பர் மூடி மாட்டி, தொட்டியில் சுற்றவிட்டுக் கழுவி, துடைத்து, புது உறை போட்டு வைத்தது. நீயும்தான் உட்கார்ந்து உறை போட்டிருக்கிறாய்.

ஒன்று கேட்கவேண்டும். அன்றைக்கு நடந்ததைப் பற்றிக் குழந்தை ஏதாவது சொல்கிறாளா? நீயாகத் துருவித் துருவிக் கேட்காதே. பயந்துவிடுவாள்.

இப்படிக்கு,
உன் மாமா

---

சனிக்கிழமை

அம்மா,

ஒரு வாரம் கழித்து வந்த உன் கடிதத்தை நேற்று மத்தியானம் படித்தேன். குழந்தை ஸ்விட்ச் எதையுமே தொடமாட்டேன் என்கிறாள், விளக்குப் போடச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். "நான் ஃபேன் போட்டேன், தீ வந்துடுச்சு, அதான் அப்பாவ விட்டுட்டு வந்துட்டோம்" என்று உன் அம்மாவிடம் சொன்னாளாம். நாலு வயது. அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

ஹீட்டரைப் போட்டது நான்.

இதை எழுத எனக்கு நாற்பது நாள் ஆகியிருக்கிறது. முழுவதும் சொல்லிவிடுகிறேன், இடையில் நிறுத்தினால் மறுபடி எழுதமாட்டேன்.

அன்று காலை ஒரு பழைய ரெக்கார்டை இரண்டு தடவை கழுவியும் அதிலிருந்த பூஞ்சைப் புள்ளிகள் போகவில்லை. "அது போகாதுப்பா, விட்டுடுங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருடம் லேபில் இருந்தவனுக்கு இவன் சொல்லித் தருகிறானா என்று ஒரு வீம்பு. அவன் அதை எடுத்து வைத்துவிட்டு, வேறு மூன்று ரெக்கார்டைத் தொட்டியில் மாட்டி, பத்து நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அவன் போட்டது சுத்தமான தண்ணீரும், ஒரு சின்ன மூடி ஸ்பிரிட்டும், இரண்டு சொட்டு சோப்புத் திரவமும். ஹீட்டர் போடவில்லை. அவன் எப்போதுமே போடமாட்டான், சூட்டில் ரெக்கார்டு வளைந்துவிடும் என்று.

அவன் குளியலறைக் கதவைச் சாத்தியதும் நான் உள்ளே போனேன். ஒரு ரெக்கார்டைக் கழற்றிவிட்டு அந்தப் பூஞ்சை ரெக்கார்டை மாட்டினேன். பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டு, புதிதாக வாங்கி வைத்திருந்த ஸ்பிரிட் கேனைத் தொட்டியில் கவிழ்த்தேன். ஹீட்டரை ஐம்பதில் வைத்தேன். நேரத்தையும் கூட்டினேன். தூசி வருகிறது என்று ஜன்னலைச் சாத்தினேன். எந்த முட்டாள் மாணவனாவது என் லேபில் இப்படிச் செய்திருந்தால் காதைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன்.

பிறகு மூக்குக்கண்ணாடி தேடி ஹாலுக்கு வந்தேன். கண்ணாடி கிடைத்தது, கூடவே அன்றைய பேப்பரும் கிடைத்தது. உட்கார்ந்துவிட்டேன். உள்ளே மணி அடித்தது. மணி அடித்தால் ரெக்கார்டு காய்வதற்கு ஃபேன் போடுவது குழந்தையின் வேலை, அவன் பழக்கிய வேலை. அவள் என்னைத் தாண்டித்தான் ஓடினாள் அம்மா. அவள் பாவாடை என் முழங்காலில் பட்டது. அந்த டேபிள் ஃபேன் ஸ்விட்சில் பொறி பறக்கும் என்று எனக்குத் தெரியும். ஸ்பிரிட் ஆவி மூடிய அறையில் தரையோடு தங்கி நிற்கும் என்றும் தெரியும். அந்த நேரத்தில் இரண்டும் என் புத்தியில் ஒன்றுசேரவில்லை. பேப்பரைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நீதான் ஓடி வந்து அவளைத் தூக்கினாய். நீ கத்தியது ஞாபகம் இருக்கிறதா? "ஹீட்டர யாரு போட்டது?" என்று கேட்டாய். அவன் ஈரத்தலையோடு நின்றுகொண்டு, "நான்தான் போட்டுட்டேனோ" என்றான். அந்த "ஓ" தான் எனக்கு வசதியாகப் போயிற்று. வாயைத் திறந்திருக்கவேண்டியது அப்போது. திறந்தேன். "இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கவனமே கிடையாது" என்றேன்.

அப்புறம் ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நீ கோபத்தில் இருக்கிறாய், ஆறட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். உண்மையில் நான் பயந்தது குழந்தை என்னைப் பார்த்திருப்பாளோ என்றுதான். போன கடிதத்தில் அவளைத் துருவாதே என்று எழுதினேனே, அது அவளுக்காக இல்லை. அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நேற்று சாயங்காலம் அவன் வந்ததும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். "ஹீட்டர நான் போடலையா?" என்று கேட்டான். இல்லை என்றேன். மறுபடி அதையே கேட்டான். மூன்றாவது தடவை கேட்கும்போது அழுதுகொண்டிருந்தான். என்னைத் திட்டுவான், அடிக்கக்கூடச் செய்வான் என்று எதிர்பார்த்தேன். "நாப்பது நாளாப்பா" என்றான். அவ்வளவுதான். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

இன்று காலை வேலைக்குப் போனான். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். பூட்டைப் பார்க்கத் திரும்பி வரவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

அவனைத் தனியாக விட்டுவிடாதே அம்மா. அவன்மேல் உனக்கு வேறு கோபங்கள் இருக்கலாம், அது உங்கள் இரண்டு பேர் விஷயம். இது அவன் கணக்கில் சேராது. நான் இருக்கும் வீட்டுக்குக் குழந்தையைக் கூட்டி வரமாட்டேன் என்று நீ சொன்னால் அது நியாயம். என் தம்பி வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. இரண்டு வேட்டி, மாத்திரை டப்பா, நடக்கும் செருப்பு, எடுத்துக்கொள்ள அவ்வளவுதான். நீ ஒரு வார்த்தை எழுது, போதும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அது குழந்தைக்கு. நீ படித்துப் பார், சரியென்று தோன்றினால் அவளை மடியில் வைத்துக்கொண்டு படித்துக் காட்டு. அதில் ஒரு எழுத்தையும் எனக்காக மாற்றாதே.

நீங்கள் மூவரும் நன்றாக இருக்கவேண்டும்.

மாமா

---

கண்ணு,

தாத்தா எழுதறேன். அன்னைக்குத் தீ வந்தது நீ ஃபேன் போட்டதால இல்ல. தாத்தா அந்தத் தொட்டியில தப்பான தண்ணிய ஊத்தி வெச்சேன். நீ உன் வேலைய சரியாத்தான் செஞ்ச. தாத்தாதான் செய்யல.

அப்பா ஒண்ணும் செய்யல. அப்பாவ விட்டுட்டு வந்தது உன்னால இல்ல.

நீ தாத்தாமேல கோவமா இருக்கலாம். எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கலாம்.